கீழ் நூல் தீரும் நேரம்

2024 அக்டோபர் 14, திங்கள்

தீபாவளித் துணி கட்டிலில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. என் மிஷின் காலால் மிதிக்கும் பழைய மாடல். கீழ் நூல் சுற்றிய சின்ன உருளைதான் பாபின். அது உட்காரும் பாபின் கேஸ் தகட்டுக்கு அடியில் இருப்பதால், தைக்கும்போது எவ்வளவு நூல் மிச்சம் என்று பார்க்க வழியில்லை. நூல் தீர்ந்தாலும் மிஷின் நிற்காது. மிதி கனக்காது, ஊசி பாட்டுக்குக் குத்திக்கொண்டே போகும், மேலே நூல் வரிசையாகத்தான் தெரியும். துணியைத் திருப்பினால் அடியில் ஒன்றுமே இருக்காது. மேல் நூலை ஒரு முனையில் பிடித்து இழுத்தால் முழுசாக உருவிக்கொண்டு வந்துவிடும்.

காட்டன் என்றால் போகட்டும், மறுபடி ஒரு ஓட்டு ஓட்டிவிடலாம். பட்டில் ஊசி போன துளை லேசில் மறையாது. அதனால் பட்டு பிளவுஸுக்குக் கழுத்து ஓரத்தில் பைப்பிங் (மெல்லிய பட்டி) எடுக்கும் முன் புது பாபின்தான் போடுவேன், பழையதில் பாதி இருந்தாலும் சரி.

அக்டோபர் 16, புதன்

உதவிக்கு வரும் பெண் கேட்டாள்: “நூல் தீரப்போகுதுன்னு உள்ள பாக்காமலே எப்படிக்கா சொல்றீங்க?”

காதுதான். நிறைய நூல் இருக்கும் பாபின் கனமாக, அடங்கிச் சுற்றும். கடைசிச் சில சுற்றுகளில் வெறும் இரும்பு மட்டும் கேஸுக்குள் தளர்வாக ஆடும். ஒரு ‘கிலுகிலு’ கேட்கும். நூல் குறையக் குறையச் சுற்று சின்னதாவதால், அதே நீளம் நூலுக்குப் பாபின் அதிக வேகமாகச் சுழல வேண்டும். தையலும் அப்போது ஒரே சீராக விழாது. ஆனால் ஃபேன் ஓடி, பக்கத்து வீட்டில் டிவியும் அலறினால் காதை நம்ப முடியாது. அவளுக்கும் அதைத்தான் சொன்னேன்.

அக்டோபர் 19, சனி

ஒரு யோசனை சொன்னார்கள்: பாபினில் முதலில் கொஞ்சம் நூல் சுற்றி, அந்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டிவிட்டு மீதியைச் சுற்றுவது. வண்ணம் வந்தால் முடியப்போகிறது என்று அர்த்தம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வண்ணமும் அடிப்பக்கம்தானே விழும்? அடிக்கடி திருப்பிப் பார்க்கிறவளுக்கு வண்ணம் எதற்கு? வெள்ளை லைனிங்கில் மை இறங்கினால் யார் பதில் சொல்வது? இது எனக்கு வேண்டாம்.

அக்டோபர் 24, வியாழன்

எம்ப்ராய்டரி கொடுத்து வாங்கப் போன கடையில் கம்ப்யூட்டர் மிஷின். பாபின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், மேலிருந்து போடுவது. உள்ளே ஒளி ஊடுருவுகிறதா என்று சென்சார் பார்க்கும். நூல் குறைந்து ஒளி கடந்தால் திரையில் எச்சரிக்கை வரும். கார்மென்ட் மிஷின்கள் சிலவற்றில் வேறு வழி: பாபின் மாற்றியதிலிருந்து எத்தனை தையல் விழுந்தது என்று எண்ணி, வைத்த கணக்கு முடிந்ததும் சொல்லிவிடும்.

இந்த இரண்டாவதைத்தான் நான் மனசிலேயே போடுகிறேன். நேர்த்தையலில் ஒரு மீட்டருக்கு மேலும் கீழுமாக ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நூல் போகும், அதில் பாதி கீழ் நூல். புடவை ஃபால்ஸ் இரண்டு பக்கமும் அடித்தால் ஐந்து மீட்டர் தையல். பாபினிலிருந்து ஆறு மீட்டருக்கு மேல் போய்விடும். துணி தடிமனாக இருந்தால் இன்னும் கூடும். மிதமான வேகத்தில் ஓட்டி, இறுகாமல் பாபினில் நூல் சுற்றினால் கணக்கு ஓரளவு சரியாக வரும். பாலியஸ்டரை வேகமாக இழுத்துச் சுற்றினால் நூல் நீண்டு ஏறும், தைத்தபின் சுருங்கித் துணியையும் சுருக்கிவிடும்.

அக்டோபர் 29, செவ்வாய்

பாதியில் கழற்றிய பாபின்களை நிறம் பார்த்து டப்பியில் போட்டுவைத்தேன். டாட் (உடம்புக்கு அமைய எடுக்கும் சின்ன மடிப்பு) பிடிக்க, ஹூக் பட்டி அடிக்க இவை போதும். நடுவில் தீர்ந்தாலும் சின்னத் தையல், உள்ளே மறைந்துவிடும். இன்று மெரூன் எல்லாம் அப்படியே காலி. நாளைக்கு ஃபால்ஸ் வேலைதான், இரவே நாலைந்து பாபின் சுற்றிவைக்க வேண்டும். வெள்ளை நூல்கண்டு வேறு வாங்கணும்.