பூட்டு வைத்த தேயிலைப் பெட்டியும் பெயர் வெட்டிய செம்பும்

ஊட்டியிலும் குன்னூரிலும் பழைய பங்களாக்கள் கைமாறும்போது வெளியே வரும் வெள்ளிச் சாமான்களில், என்னை அதிகம் யோசிக்க வைப்பது பூட்டு வைத்த தேயிலைப் பெட்டிதான். 1784-இல் புதிய சட்டம் வரும்வரை இங்கிலாந்தில் தேயிலை மீதான வரி 119 விழுக்காடாக இருந்தது. அச்சட்டம் அதை 12.5 விழுக்காடாகக் குறைத்தது. விலையுயர்ந்த இலையில் வேலையாட்கள் கைவைத்துவிடுவார்கள் என்ற ஐயத்தால், வீட்டுத் தலைவியே சாவியை வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்தக் காலத்தில் ஏற்பட்டது. சரிவெல்லாம் தேயிலை விளையும் நீலகிரியில் அந்தப் பூட்டு எதைக் காத்தது? இலையை அல்ல, வீட்டுக்குள் யார் யாரை நம்பலாம் என்ற வரிசையைத்தான் காத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் வீட்டு வெள்ளி அந்த வரிசையை வேறு விதமாகச் சொல்கிறது. பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் வருவோரை வரவேற்க வாசலில் நிற்பவை. ஆனால் வெள்ளித் தம்ளரில் காப்பி மாப்பிள்ளைக்கும் சம்பந்திக்கும் மட்டுமே வந்தது, தோட்டத்து ஆளுக்கு வரவில்லை. எங்கள் வீட்டுச் சீர்ச் செம்பின் கழுத்தில் வெட்டியிருப்பது பாட்டியின் பெயரன்று, அவருடைய தந்தையின் பெயர். பிறந்த வீடு தந்தது இது என்று புகுந்த வீட்டாருக்கு நாள்தோறும் நினைவூட்டியதில் பெருமையும் உண்டு, காபந்தும் உண்டு. அதைத் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்த வேலை மட்டும் முழுக்கப் பாட்டியுடையது.

1840-இல் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பின், ஆங்கிலேய நடுத்தர வீடுகளும் குறைந்த செலவில் மேசையை மின்ன வைத்தன. ‘ஈ.பி.என்.எஸ்.’ (மின்முலாம் பூசிய ‘நிக்கல் சில்வர்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அடியில் முத்திரை குத்திய பாத்திரங்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. உள்ளிருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம், வெள்ளி மேற்பூச்சு மட்டுமே. ஆங்கிலேய வெள்ளியில் சிங்க முத்திரை இருந்தால்தான் 92.5 விழுக்காட்டுத் தரம் என்று கொள்ளலாம்.

உருக்கினால் காசு கிடைக்காததால் முலாம் பூசியவை தப்பிக்கின்றன. தூய வெள்ளியோ, விலை ஏறும்போதெல்லாம் எடை போடப்பட்டு உருக்குக்குப் போகிறது. வெட்டிய பெயரும் அதோடு போகிறது. ஆகவே இன்று கடை அலமாரியைப் பார்த்து அன்றைய வீடுகளை அளப்பவர், வசதியாகத் தோன்ற விரும்பியவர்களையே அதிகம் காண்பார். சீர்ச் செம்புகள் அங்கே அரிது.