ரிலீவர் வரல

நேற்று சனிக்கிழமை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், அப்பாவுக்காக ஒரு வாழைப்பூ (விலையை அவரிடம் சொல்லவில்லை) எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். வீட்டுக்கு இரண்டே நிறுத்தம் இருக்கும்போது வண்டி நின்றது. டிரைவர் மாறும் வரை இங்கே நிற்போம் என்று ஸ்பீக்கரில் வரும் அறிவிப்புப் பெண்மணி, சாதம் ஆறட்டும் என்கிற நிதானத்தில் சொன்னார்.

என் ராசி அப்படி. டிப்போ பக்கத்தில்தான். உள்ளே போய்த் திரும்பினால் நேரமாகும் என்று ரோட்டிலேயே ஆளை மாற்றிக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், மாற்றுவதற்கு ஆள் இருந்தால். ஓட்டி வந்தவர் இன்ஜினை அணைத்தார், பையை எடுத்தார், இறங்கி நின்றார். வர வேண்டியவரைக் காணோம். கதவு வேறு திறந்தே கிடக்கிறது. குளிர்காற்று ஓசியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இறங்கி நடந்தால் ஏழு நிமிடம். ஆனால் நடக்க மாட்டேன். நான் இறங்கிப் பத்தடி வைத்ததும் அதே பஸ் என் மேல் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போகும். இதுவரை நான்கு முறை போயிருக்கிறது. தவிர, டிக்கெட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறேன். அதற்கு ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறி ஏறலாம் என்று சலுகை. அந்த ஒரு மணி நேரத்தையும் இந்த ஒரே நிறுத்தம் தின்று ஏப்பம் விட்டுவிடும் போலிருந்தது.

என் மனைவி தங்கமணிக்கு இந்த மாதிரி தத்துவ விசாரமெல்லாம் கிடையாது. "நீங்க உக்காந்து கணக்குப் போடுங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அவள் போன மறு நிமிடம் மழை.

சரி, புலம்பவாவது அப்பா இருக்கிறாரே என்று திரும்பினால், அவர் கண்ணாடி வழியாகக் கீழே நின்ற டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலை மாத்தி மாத்தி ஊணுறாரு பாரு. பாத்ரூம் போகணும் அவருக்கு. வண்டிய விட்டுட்டுப் போகவும் முடியாது. கண்டக்டர் இருந்தாலாவது பாத்துக்கய்யான்னு சொல்லலாம்."

2005-லேயே இந்த ஊரில் கண்டக்டர் வைத்த பழைய பஸ்களை வழக்கமான ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று வந்த முதல் வாரமே சொல்லியிருந்தேன். அப்பா இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஐந்தரை மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று இங்கே சட்டம் என்றேன். "அரை மணியா!" என்று அந்த டிரைவரை மறுபடி பார்த்தார். இந்த முறை கொஞ்சம் பொறாமையோடு.

அப்பா கும்பகோணத்தில் பஸ் டிரைவராக வேலைக்குச் சேர்ந்தபோது அது சோழன் போக்குவரத்துக் கழகம். 1997-ல் பேருந்துக் கழகங்களின் பெயரெல்லாம் மாறிய பிறகும் எங்கள் வீட்டில் மாறாமல் இருந்தது ஒரே வாக்கியம்தான்: "ரிலீவர் வரல." அதாவது, வண்டியை மாற்றிக்கொள்ள வேண்டிய ஆள் வரவில்லை. தீபாவளி எண்ணெய் வைத்துக்கொண்டு காத்திருந்தால், ரிலீவர் வரல. பள்ளி ஆண்டுவிழாவில் நான் கட்டபொம்மனாக வாள் சுழற்றி மீசையைக் கீழே விட்ட அன்று, ரிலீவர் வரல. ரிலீவர் என்பவர் எங்கள் குடும்பத்துக்கு ஆகாத ஏதோ ஒரு பெரியப்பா என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஒருவழியாகப் புதியவர் பளீர் மஞ்சள் சட்டையில் ஓடி வந்தார். வந்தவர் ஏறினாரா? இருவரும் நின்று பேசினார்கள். "அரட்டையைப் பாருங்கப்பா" என்றேன்.

"அரட்டை இல்லடா. பிரேக் ஒரு பக்கம் இழுக்குது, கதவு ரெண்டாவது தடவைதான் மூடுதுன்னு சொல்லிட்டுத்தான் போகணும். சொல்லாம ஒப்படைச்சா துரோகம்."

பழையவர் ஓட்டமும் நடையுமாகப் போனார். புதியவர் சீட்டை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, மேலே ஏற்றி, கண்ணாடியை மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்புகிறவர் மாதிரி பார்த்துப் பார்த்துத் திருப்பினார். அப்புறம் கதவை மூடினார். நம்பினால் நம்புங்கள், ரெண்டாவது தடவைதான் மூடியது. அப்பா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மொத்தம் 14 நிமிடம்.

வீட்டு வாசலில் தங்கமணி நின்றிருந்தாள். தலையில் சொட்டச் சொட்ட மழை, கையில் குழந்தை மாதிரி வாழைப்பூ. அப்போதுதான் வீட்டுச் சாவி என் பாக்கெட்டில் உறுத்தியது.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என்னை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். ராத்திரி பதினோரு மணிக்குச் செருப்பை ஓரமாகக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் சொல்வாரே, அதே குரல்.

"ரிலீவர் வரலம்மா."

தங்கமணி அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கையை மட்டும் நீட்டினாள்.