எங்கள் ஜமா பி-3 விசா வாங்கிய கதை

அமெரிக்காவில் கூத்துப் போட அழைப்பு வந்தால், கூடவே ஒரு யோசனையும் வரும்: "சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்." எங்களிடமும் ஒருவர் அப்படிச் சொன்னார். ஜமா எனும் எங்கள் கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியார் ஒப்பவில்லை. மேடையேறிப் பணம் வாங்கப் போகிறவருக்கு பி-1, பி-2 எனும் வணிக, சுற்றுலா விசா உதவாது. சொந்த நாட்டு அரசே செலவு செய்து, கட்டணமில்லாத நிகழ்ச்சிக்கு அனுப்பும் குழு என்றால் அது வேறு விஷயம். செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்து ஜமாவை எந்த அரசு அப்படி அனுப்பப் போகிறது?

எங்களுக்குப் பொருந்தியது பி-3. ஒரு நாட்டுக்கோ இனத்துக்கோ சமூகத்துக்கோ உரிய தனித்தன்மையான கலையை நிகழ்த்தவும் கற்பிக்கவும் வருகிறவர்களுக்கான விசா அது. இதற்கு நாமே மனுப் போட முடியாது. அங்கிருக்கும் அமைப்போ முகவரோ ஐ-129 படிவத்தில் குடிவரவுத் துறைக்கு மனுச் செய்ய வேண்டும். எங்களுக்காக மனுச் செய்தது ஒரு தமிழ்ச் சங்கம். ஒரே மனுவில் 25 பேர் வரை பெயர் சேர்க்கலாம். ஆனால் கட்டைகள் எனும் மர அணிகலன்களையும் உடுப்புப் பெட்டியையும் பார்த்துக்கொள்கிறவர் உதவியாளர் கணக்கில் வருவதால் அவருக்குத் தனி மனு, தனிக் கட்டணம். 2024 ஏப்ரலில் மாறிய கட்டணப்படி லாப நோக்கற்ற அமைப்புக்கு மனு ஒன்றுக்கு 510 டாலர். 15 வேலை நாளில் பதில் வேண்டுமென்றால் அப்போது மேலே 2,805 டாலர் கட்ட வேண்டியிருந்தது. சங்கத்துப் பொருளாளர் அன்று முகம் சுளித்தது வீடியோ அழைப்பிலேயே தெரிந்தது.

தேதி குறிப்பதில்தான் முதல் இழுபறி. அவர்கள் கேட்டது ஜூலை. நமக்கு அது ஆனி, ஆடி. பங்குனியில் தொடங்கும் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து ஆடி வரை ஓடும், வருஷத்துச் சாப்பாடே அதில்தான் இருக்கிறது. வெற்றிலை பாக்கு வாங்கி ஆட ஒப்புக்கொண்ட ஊரை விட்டுவிட்டு டாலருக்குப் போனால் அடுத்த வருஷம் அந்த ஊர் வாசலில் நிற்க முடியாது. கடைசியில் புரட்டாசிக்குத் தள்ளி வைத்தோம், அங்கே நவராத்திரி நிகழ்ச்சிகளோடு சேர்ந்துகொண்டது.

அடுத்தது சான்று. நாங்கள் ஆடுவது மரபுக் கலைதான் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். வாத்தியாரின் தாத்தா ஜமா வைத்திருந்ததற்கு என்ன காகிதம் இருக்கும்? நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அடையாள அட்டை, மாவட்டக் கலை மன்றம் தந்த கலை நன்மணி விருது, செய்தித்தாள் துணுக்குகள், திருவிழா நோட்டீஸ்கள் என்று தேடித் தேடிச் சேர்த்தோம். இவற்றைவிடக் கனமானது நாட்டுப்புறவியல் பேராசிரியர்கள் எழுதிய கடிதங்கள். "மிகச் சிறந்த குழு" என்று பாராட்டும் கடிதத்தை வழக்கறிஞர் திருப்பி அனுப்பிவிட்டார். அடவு எப்படி, முகவீணை என்ற ஊதுகருவி எதற்கு, யாரிடம் பயின்றார்கள், பேராசிரியருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று எழுதச் சொன்னார். தமிழில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு, அதோடு மொழிபெயர்த்தவரின் உறுதிமொழி.

"விடிய விடிய ஆடுவதை இங்கே இரண்டு மணி நேரமாகச் சுருக்கினால் அது மரபாகுமா?" என்று வழக்கறிஞர் கேட்டபோது வாத்தியாருக்குக் கோபமே வந்துவிட்டது. ஆனால் அவர் நமக்காகத்தான் கேட்டார். 2012-ல் அர்ஜென்டினாவின் யூத இசைக்குழு ஒன்றின் வழக்கில், கலப்பு வடிவமும் ஒரு சமூகத்தின் தனித்தன்மையான கலையாக இருக்கலாம் என்று அங்கே தீர்ப்பாகியிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, சுருக்கிய வடிவத்தில் எது மாறாது என்று ஒரு பக்கம் எழுதினோம்: திரைக்குப் பின்னிருந்து பாடும் திரை விருத்தம், வேஷம், கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன், பின்பாட்டு.

தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதமும் மனுவோடு போக வேண்டும். அங்கே நடிகருக்கு ஒரு சங்கம், வாத்தியம் வாசிக்கிறவருக்கு ஒன்று, ஓபராவுக்கும் நடனத்துக்கும் இன்னொன்று. நம் ஆள் ஒருவரே பாடி, ஆடி, வசனமும் பேசுவார், வேஷம் இல்லாத நேரத்தில் தாளமும் போடுவார். கடைசியில் அமெரிக்கன் கில்ட் ஆஃப் மியூசிக்கல் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற சங்கத்திடம் கேட்டோம், ஆட்சேபம் இல்லை என்று கடிதம் வந்தது. குடிவரவுத் துறையை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் இல்லாமல் முடியாது.

மனு ஒப்புதலானதும் ஆளுக்கு ஒரு டிஎஸ்-160 விசா விண்ணப்பப் படிவம், 205 டாலர் கட்டணம். பெயர்தான் இங்கே வம்பு. எங்களில் பலருக்குக் கடவுச்சீட்டில் ஒரே பெயர்தான், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. படிவத்தில் அந்த ஒரே பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதற்பெயர் இருக்குமிடத்தில் எஃப்.என்.யு. (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுத வேண்டும். நோட்டீஸில் 'துரியோதனன் புகழ்' என்று இருப்பவரும் கடவுச்சீட்டில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்பதற்குத் தனியாக உறுதிமொழிப் பத்திரம் வைத்தோம். பத்தாவது முடிக்காதவர்களின் கடவுச்சீட்டில் இருக்கும் ஈ.சி.ஆர். முத்திரையை நினைத்துப் பயப்பட வேண்டாம். சில நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் அனுமதி வேண்டும் என்பதுதான் அதன் பொருள், அமெரிக்கா அந்த நாடுகளின் பட்டியலில் இல்லை.

கைரேகை கொடுத்த பிறகு, சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். தமிழிலேயே பேச முடிந்தது. மீசைக்காரர் ஒருவரின் தாளைப் பார்த்த அதிகாரி, "இதில் திரௌபதி யார்?" என்றார். "நான்தாங்க" என்றார் அவர். பெண் வேஷம் பரம்பரையாக ஆண்களே கட்டுவது என்று விளக்கினார், ஆடப் போகும் நாளில் மீசை இருக்காது என்றும் சேர்த்துக்கொண்டார். அதற்குமேல் அவரிடம் கேள்வி இல்லை. மற்றவர்களிடம் எந்தெந்த ஊர், எத்தனை நாள், திரும்பி வந்து என்ன வேலை என்று கேட்டார்கள். பயண அட்டவணையை எல்லோரும் மனப்பாடம் செய்திருந்ததால் தடுமாற்றம் இல்லை.

போகிற ஜமாக்கள் பணத்தைப் பற்றி முன்பே பேசிவிடுங்கள். வெளிநாட்டுக் கலைஞரின் சம்பளத்தில் அங்கே பொதுவாக 30 சதவீதம் வரி பிடித்துக்கொள்வார்கள். சங்கம் சொல்லும் தொகையை வைத்துப் பங்கு பிரித்தால் ஜமாவுக்குள் சண்டைதான் மிஞ்சும். பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகை இவ்வளவு என்று எங்கள் வாத்தியார் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.