ஒரு நாவலுக்கு மூன்று ஆண்டுகள்

வியாழக்கிழமை முடிவு வந்தது. தேறிவிட்டேன். 'பி' தான். முதல் தடவை 'டி' வாங்கியவனுக்கு அதுவே பெரிது. கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா படுத்துக் கிடந்தேன். எழுந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பருவத்தில் ஜோக்ஜாவில் (யோக்யகார்த்தா) இந்தோனேசிய இலக்கியமும் அரசியல் வரலாறும் தாளை எழுதப்போகிறவர்கள் படித்துக்கொள்ளுங்கள். தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும். நேராக நான் விழுந்த குழிக்கு வருகிறேன்.

முதல் தடவை பிரமூத்யா அனந்தா தூரின் 'பூமி மானுசியா' நாவலைப் பற்றி ஐந்து பக்கம் எழுதித் தள்ளினேன். 1898, சுராபாயா. டச்சுப் பள்ளியில் படிக்கும் ஜாவா இளைஞன் மிங்கே. தகப்பனே ஒரு வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட, பிறகு அவனுடைய பண்ணையையே கட்டி ஆளும் ந்யாய் ஓந்தோசோரோ. பெற்ற மகள் மீது அவளுக்கு எந்த உரிமையும் இல்லை என்று தீர்ப்பளிக்கும் வெள்ளையர் நீதிமன்றம். மிங்கேக்கு முன்மாதிரியான பத்திரிகையாளர் தீர்த்தோ அதி சூர்யோ, அவர் 1907இல் தொடங்கிய 'மேடான் பிரியாயி' பத்திரிகை என்று ஒன்றையும் விடவில்லை. தலைப்பில் நம் பூமியும் மனுஷனும் இருப்பதால் ஒரு சொந்தம் வேறு.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் என் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "டச்சுக்காரர்களைச் சாடும் நாவல் இது. டச்சுக்காரர்களை விரட்டிய நாட்டின் அரசு இதை 1981இல் ஏன் தடை செய்தது?"

"பாக் (ஐயா), அது வந்து..." என்று இழுத்தேன். அதற்கு மேல் வரவில்லை. "நீங்கள் 1898ஐ மட்டும் படித்திருக்கிறீர்கள்" என்று சொல்லித் தாளை மூடினார்.

அன்று கோபம் வந்தது. இன்று யோசித்தால் அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. 1965 அக்டோபரில், ராணுவம் இடதுசாரிகளை வேட்டையாடத் தொடங்கியபோது கைதான பிரமூத்யா, விசாரணையே இல்லாமல் 14 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். அதில் 1969 முதல் பூரு என்ற கைதிகள் தீவு. எழுத அனுமதியில்லாத நாட்களில் இந்தக் கதையைச் சகக் கைதிகளுக்கு வாயால் சொன்னார். காகிதம் பிறகுதான் கிடைத்தது. 1979இல் விடுதலை, 1980இல் புத்தகம், மறு ஆண்டே தடை. மார்க்சியத்தைப் பரப்புகிறது என்று காரணம் சொன்னார்கள். சட்டப்புத்தகத்தைக் காட்டியே ஒருத்தியிடமிருந்து எல்லாவற்றையும் பறிக்கும் காட்சியை 1980இல் ஜகார்த்தாவில் படித்தவர், விசாரணையின்றி உள்ளே கிடந்த தன் அண்டை வீட்டுக்காரரை நினைக்காமல் இருந்திருப்பாரா? இந்த நாவல் வரிசையின் நான்காம் பாகமான 'ரூமா காச்சா'வை ('கண்ணாடி வீடு') சொல்பவன் மிங்கேயை வேவு பார்க்கும் அதிகாரி. வீடு முழுதும் கண்ணாடி. 1965க்குப் பிறகு ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி சுகார்த்தோவின் காலத்து வாசகருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே என் ஒரே தந்திரம் இது. எந்தப் படைப்பானாலும் மூன்று ஆண்டுகளை எழுதிக்கொள்ளுங்கள்: கதை நடக்கும் ஆண்டு, எழுதப்பட்ட ஆண்டு, அச்சான அல்லது அச்சாக விடாமல் தடுக்கப்பட்ட ஆண்டு. மூன்றுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் அரசியல் இருக்கிறது, மதிப்பெண்ணும் அங்கேதான் இருக்கிறது. நான் இதை மிகைப்படுத்துகிறேன் என்று அறைத் தோழன் சொல்கிறான். அவன் முதல் தடவையிலேயே 'ஏ' வாங்கியவன். அவனுக்கு என்ன தெரியும்.

என் நோட்டிலிருந்து சில:

– மோக்தார் லூபிஸ், 'செஞ்சா டி ஜகார்த்தா'. கதை 1950களின் ஊழல் அரசியல். முதல் அதிபர் சுகர்ணோ ஆட்சியில் காவலில் இருந்தபோது எழுதியது. ஆங்கிலத்தில் 1963, சொந்த மொழியில் ஜகார்த்தாவில் 1970. அந்த ஏழு ஆண்டுகளை விளக்கினாலே பாதிக் கட்டுரை முடிந்துவிடும்.

– சைரில் அன்வரின் 'அக்கு'. விடுதலை அறிவித்த 1945இன் பெயரால் வந்த '45ஆம் தலைமுறை' என்ற முத்திரையைப் பார்த்து விடுதலைக் கவிதை என்று எழுதிவிடாதீர்கள். அது 1943, ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலம்.

– அகமத் தோஹாரியின் 'ரோங்கெங் டுக்கு பாருக்'. கதையின் முறிவு 1965, நூல்கள் 1982 முதல் 1986 வரை. வெட்டப்பட்ட பகுதிகள் சேர்ந்து ஒரே நூலாக வந்தது 2003. எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்று விடையில் சொல்லுங்கள்.

– செனோ குமிரா அஜிதர்மாவின் 'சக்சி மாத்தா', 1994. கிழக்குத் திமோரின் டிலியில் 1991 நவம்பர் 12இல் நடந்த படுகொலையைச் செய்தியாக வெளியிட்டதற்காகப் பத்திரிகைப் பொறுப்பை இழந்தவர், அதையே கதையாக்கினார். கண்ணில்லாமல் நீதிமன்றத்துக்கு வருகிறான் கண்ணால் கண்ட சாட்சி. கடைசியில் நாக்கும் போகிறது. ஊர்ப் பெயரே சொல்லாத கதையில் ஊரைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

– லைலா சுதோரியின் 'லாவுத் பெர்ச்செரித்தா', 2017. சுகார்த்தோ ஆட்சியின் கடைசி நாட்களில், 1998 வாக்கில் கடத்தப்பட்ட மாணவர்கள். இங்கே தடையில்லை, இடைவெளி மட்டும் உண்டு. என்னால் இதை நன்றாக எழுத முடியவில்லை.

பழைய நாவல்களைத் தள்ளிவிடாதீர்கள். மாரா ருஸ்லியின் 'சித்தி நூர்பாயா'வை, 1922, கட்டாயக் கல்யாணக் கதை என்று எல்லோரும் ஒரு பத்தியில் முடிக்கிறார்கள். யார் வில்லன் என்று பாருங்கள். வட்டிக்காரக் கிழவன் டத்துக் மெரிங்கி கடைசியில் வரியை எதிர்த்து டச்சுக்காரர்களுக்கு எதிரான கலகத்துக்குத் தலைமை தாங்குகிறான். கதாநாயகன் சம்சுல் பஹ்ரி டச்சுப் படையில் அதிகாரியாகி அதை அடக்க வருகிறான். இருவரும் மோதி மாய்கிறார்கள். வெளியிட்டது பாலாய் புஸ்தாகா, காலனி அரசின் பதிப்பகம். அதன் வாசலைத் தாண்டி வர வேண்டுமென்றால் கலகக்காரன் கெட்டவனாகத்தான் இருந்தாக வேண்டும் என்று எழுதினேன். இரண்டாவது தடவை என்னைக் காப்பாற்றியது இந்த விடைதான் என்று நினைக்கிறேன்.

லெக்ரா சண்டையில் நிதானம் வேண்டும். லெக்ரா 1950இல் தொடங்கிய, கம்யூனிஸ்ட் கட்சிக்கு நெருக்கமான கலைஞர் அமைப்பு. கலைக்கு அரசியலே தளபதி என்றது. 1963இல் 'பண்பாட்டு அறிக்கை' வெளியிட்ட எழுத்தாளர்கள் அதை மறுத்தார்கள். 1964 மே மாதம் சுகர்ணோ அந்த அறிக்கையைத் தடை செய்தார். அடுத்த ஆண்டே எல்லாம் தலைகீழ். இந்த முறை அடி இடதுசாரிகளுக்கு, கொல்லப்பட்டவர்கள் லட்சக்கணக்கில். லெக்ரா பக்கம் நின்று எதிரணியைப் பத்திரிகையில் வாட்டிய பிரமூத்யா சிறைக்குப் போனார். 1995இல் அவருக்கு மகசேசே விருது அறிவித்தபோது, தான் முன்பு வாங்கிய அதே விருதை லூபிஸ் திருப்பிக் கொடுத்தார். இருவருமே சிறை கண்டவர்கள். இதில் ஒருவரைப் புனிதராக்கி எழுதும் விடை இளித்துக்கொண்டு நிற்கும். கேள்வி கேட்பவரின் வீட்டில் 1965இல் என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாது.

பெயர் நீக்கிய பத்தி வந்தால் எழுத்தைப் பாருங்கள். ரோமன் எழுத்தில் 'உ' ஒலிக்கு ஓ-வையும் இ-யையும் (oe) சேர்த்து எழுதியிருந்தால் பெரும்பாலும் 1947க்கு முன். 'ஜ' ஒலிக்கு டி-யும் ஜே-யும் (dj) சேர்ந்து நின்றால் 1972க்கு முன். ஆட்களின் பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள். 2006இல் இறந்த பிரமூத்யாவே கடைசி வரை பழைய எழுத்தில்தான் தன் பெயரை வைத்திருந்தார். மறுபதிப்புகளில் இதெல்லாம் மாறியிருக்கும். ஜோக்ஜாவின் தாமான் பிந்தார் பின்பக்கப் புத்தகச் சந்தையில் பழைய பதிப்பு கிடைத்தால் பேரம் பேசி வாங்குங்கள்.

இன்னும் சில, வரிசையின்றி:

கவிஞர் விஜி துக்குலின் 'எதிர்த்து நில்' வரியோடு கட்டுரையை முடிக்காதீர்கள். ஆளுக்கு ஆள் அப்படித்தான் முடிக்கிறார்கள். 1998இல் காணாமல் போன மனிதரை அலங்காரமாக்க வேண்டாம்.

நம் 'கடை'தான் இங்கே அதே பொருளில் 'கெடாய்' ஆனது என்று வாய்மொழித் தேர்வில் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள். மதிப்பெண் வரவில்லை.

கூட்டுப் படிப்பு எனக்கு ஒத்துவராது. புர்ஜோ என்னும் சிற்றுண்டிக் கடையில் ஆறு பேர் உட்கார்ந்தால் நூடுல்ஸ் தீரும், நாவல் தீராது. நான் மெதுவாகப் படிப்பவன். எட்டே நூல்களை இரண்டு முறை படித்தேன். வேகமாகப் படிப்பவர்கள் இதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

மூன்று கட்டம் போட்ட என் நோட்டு, விடுதிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது. மேசைக்குப் பின்னால் இருக்கும் அக்காவிடம், மரியாதையாக 'ம்பா' என்று கூப்பிட்டு, நீல அட்டை நோட்டு என்று கேளுங்கள். உமர் கயாமின் 'பாரா பிரியாயி' நாவலுக்கான பக்கத்தில் சோத்தோ சூப் கொட்டிவிட்டது. அதை மட்டும் நீங்களே படித்துக்கொள்ள வேண்டும்.