கையேட்டில் இடம்பெறாத கவிதை

லிஸ்பனில் நடந்த போலந்து இலக்கிய வாசிப்புக்கான போலிஷ்-போர்ச்சுகீசிய இருமொழிக் கையேட்டிலிருந்து போலந்துக் கவிஞர் விஸ்லவா சிம்போர்ஸ்காவின் கவிதையை நீக்கியது சரிதானா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை.

"சின்னக் கவிதைதானேங்க? போலந்துச் சட்டத்துல சின்னப் படைப்பை முழுசாவே மேற்கோள் காட்டலாம்னு இருக்கே" என்றார் உடன் பணிபுரிந்தவர். உண்மைதான், பதிப்புரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் மேற்கோள் நம் சொந்த எழுத்துக்குள் அமைய வேண்டும். விளக்கம், விமர்சனம், கற்பித்தல் போன்ற ஒன்று அதன் நோக்கமாக இருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது கவிதைக்கு மேல் இரண்டு வரி அறிமுகம். அதை விமர்சனம் என்று சொல்ல மனம் வரவில்லை. போதாததற்கு, கையேடு அச்சாவது போர்ச்சுகலில். அங்கே போலந்துச் சட்டத்தைக் காட்டி என்ன பயன்?

சிம்போர்ஸ்கா 2012இல் காலமானார். இறந்தபின் எழுபது ஆண்டு என்ற கணக்கில் 2082 முடியும்வரை அவர் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. அனுமதி கேட்டு மூலத்துக்கு ஒரு கடிதம், மொழிபெயர்ப்புக்கு இன்னொரு கடிதம். எத்தனை பிரதி, விலையா இலவசமா, எந்த நாட்டில், எவ்வளவு காலம், பிடிஎஃப் இணையத்தில் ஏறுமா, வாசிப்பு ஒலிப்பதிவாகுமா என்பதெல்லாம் முதல் கடிதத்திலேயே இருக்க வேண்டும். அச்சுக்கு மட்டும் கேட்டுவிட்டுப் பிறகு பிடிஎஃப் ஏற்றுவதில்தான் பெரும்பாலும் சிக்கல் வருகிறது. மொழிபெயர்ப்பின் உரிமை வைத்திருந்த பதிப்பகத்திடமிருந்து பதில் வருவதற்குள் அச்சுத் தேதி வந்துவிட்டது.

அந்த இடத்தில் போலிஷ் உரைநடை எழுத்தாளர் புரூனோ ஷூல்ஸின் ஒரு பத்தியைப் போட்டோம். 1942இல் கொல்லப்பட்டவர், 2013இலிருந்து மூலத்தை யாரும் அனுமதியின்றி எடுக்கலாம். போர்ச்சுகீசிய மொழிபெயர்ப்பாளர் நேரடியாகவே ஒப்புதல் தந்தார். ஆனால் ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் மொழிபெயர்ப்பு என்ற அமைப்பு குலைந்தது. கவிதையில் வரிக்கு வரி நிறுத்தலாம். உரைநடையில் போர்ச்சுகீசியம் நீண்டு பக்கத்தைத் தாண்டியது. நீளமான மொழியை வைத்து எழுத்தளவை முடிவுசெய்தால் போலிஷ் பக்கத்தில் கால்வாசி வெறுமையாக நிற்கிறது.

போர்ச்சுகீசியக் கவிஞர் பெசோவாவிலும் இதே உரிமைச் சிக்கல் உண்டு. 1935இல் இறந்தவர், யாரைக் கேட்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அவருடைய அமைதியின்மையின் நூல் 1982இல்தான் முதன்முதலாக நூலாக அச்சேறியது. அதிலுள்ள துண்டுகளின் வரிசையும் வாசகமும் பதிப்பாசிரியருக்குப் பதிப்பாசிரியர் மாறும். எந்தப் பதிப்பு என்று கேட்காமல் ஒரு பத்தியைக்கூட எடுக்கக் கூடாது. போலிஷ் மொழிபெயர்ப்புகளோ நம் காலத்தவை, உரிமை உயிரோடிருப்பவை.

முறைப்படி பார்த்தால் எடுத்த முடிவில் குறையில்லை. மொழிபெயர்ப்பாளரின் உழைப்பைக் கேட்காமல் எடுப்பது எல்லை தாண்டி இலக்கியம் கொண்டுபோகிறவர்கள் செய்யக்கூடிய காரியமல்ல. இதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனாலும் இப்படியே பாதுகாப்பாகத் தேர்ந்துகொண்டு போனால் லிஸ்பனுக்குப் போய்ச் சேரும் போலந்து இரண்டாம் உலகப்போரோடு நின்றுவிடும். 1996இல் நோபல் பெற்ற கவிஞரைவிட அனுமதி தேவைப்படாத பத்தி கைக்கு எளிதாக வருகிறது. அப்படியானால் தேர்வு செய்தது நாங்களா, நாள்காட்டியா?

"அச்சிடலைன்னா போகுது, மேடையில வாசிச்சிருக்கலாமே?" என்று உடன் பணிபுரிந்தவர் பிறகும் கேட்டார். பொதுமேடையில் வாசிப்பதற்கும் தனி அனுமதி வேண்டும் என்றேன். "யாரு தடுத்திருப்பாங்க?" என்றார். தடுக்க ஆள் இல்லை என்பது அனுமதி ஆகாது. ஆனால் அன்று வந்திருந்தவர்கள் அந்தக் கவிதையைக் கேட்காமலே போனார்கள் என்பதற்கு அது பதிலாகவும் இல்லை.