எந்தப் பக்கம் பொங்கியது?

ட்ரொம்சோவுக்கு வந்த முதல் தைப்பொங்கலன்று, இணுவிலிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டா: "தம்பி, பால் எந்தப் பக்கம் சரிஞ்சது?"

பொங்கியது உண்மை. ஆனால் கிழக்கு எது? காலை ஒன்பது மணிக்கும் யன்னலுக்கு வெளியே கருநீலம். நோர்வேயின் இந்த வடபகுதியில் நவம்பர் கடைசியில் போகிற சூரியனை, மலை மறைப்பதால், ஜனவரி 21 வாக்கில்தான் ஊர்ச்சனம் காணும். அன்று 'சூல்போலர்' என்றொரு பணிஸ் தின்று கொண்டாடுவார்கள். நாங்களோ விருந்தாளி வர ஒரு கிழமை முந்தியே இலை போட்டுவிட்டோம்.

"இங்கை சூரியனே இல்லையம்மா."

"அதுக்கென்ன, கிழக்கு இருக்குத்தானே?"

ராகுகாலத்தில்தான் எனக்குப் பெரிய சந்தோசம். உதயம் முதல் அஸ்தமனம் வரை எட்டுக் கூறாக்கி அதில் ஒன்றை ராகுவுக்குக் கொடுக்கிறோம். யாழ்ப்பாணத்தில் அது ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். இங்கே மாரியில் உதயமே இல்லை. பூச்சியத்தை எட்டால் பிரித்தால்? கோடையில் சூரியன் விழுவதே இல்லை. 24ஐப் பிரித்தால் மூன்று மணித்தியாலம், அதுவும் எங்கே தொடங்குகிறதென்று ராகுவுக்கே தெரியாது. வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்று சண்டை பிடிக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு இது கையில் கிடைத்த வெடிகுண்டு. சூரியனை உருவினால் பஞ்சாங்கம், நாள், கோள், சகுனம் எல்லாம் பொலபொலவென்று விழும் என்று நினைத்தேன்.

அம்மா அசரவில்லை. "ஊர் நேரத்திலை நாலரை மணித்தியாலத்தைக் கழிச்சுப் பார்."

எங்கள் வேலியும் அப்படித்தான். ஒரு கதியால், அதுதான் வேலித்தடி, உக்கினால் பக்கத்துக் கதியால்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். உக்கியது எதுவென்று தள்ளிப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, இப்போது பழகிவிட்டது. இருட்டில் எழும்பி, மீன் தொழிற்சாலைக்குப் போய், இருட்டில் வருகிறேன். ஒரு குறையுமில்லை. தை பிறந்தால் மட்டும் சாணம் மெழுகிய முற்றம், உலக்கை வைத்துப் போட்ட அரிசிமாக் கோலம், பானைக் கழுத்தில் மஞ்சளிலை. பிறகு, ஒருவரும் பார்க்காத நேரம், மேற்குப் பக்க அடுப்புக்கல்லின் மேல் அம்மா நைசாக வைக்கிற ஓட்டுத்துண்டு. எங்கள் வீட்டில் பால் ஒருநாளும் பிழையான பக்கம் சரிந்ததில்லை.

இந்த வருசம் கைபேசியில் திசை பார்த்து, மின்னடுப்பின் மேற்குக் கால்களுக்கடியில் மட்டை மடித்துச் சொருகினேன்.

"கிழக்குத்தான் அம்மா!"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அடுப்புக்கு என்ன முண்டு குடுத்தனி?"