45க்குப் பிறகு கிளினிக் கொப்பியில் "எண்டோமெட்ரியோசிஸ்" என்று எழுதினால்

எண்டோமெட்ரியோசிஸ் என்றால் கருப்பை உட்சுவர் மாதிரியான இழையம் கருப்பைக்கு வெளியே படிவது. ஸ்கேன் நோர்மல் என்றால் இந்த வருத்தம் இல்லை என்று அர்த்தமில்லை. சொக்லேட் சிஸ்ட் (சூலகத்தில் பழைய இரத்தம் தேங்கிய கட்டி) ஸ்கேனில் தெரியும், வயிற்றுச் சவ்வில் படிந்த சிறு புள்ளிகள் தெரியாது. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் எடுத்த பப் சோதனையோ கருப்பைக் கழுத்துக்கு மட்டும்தான்.

இந்த வயதில் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் விழும். பழைய வலி கூடலாம். ஆனால் கட்டிகட்டியாக இரத்தம் போனால் அடினோமயோசிஸ் (அதே மாதிரி இழையம் கருப்பைத் தசைக்குள் வளர்வது), பைப்ரொயிட் (கருப்பைத் தசைக் கட்டி) எல்லாவற்றையும் பார்க்க வேணும். 45க்கு மேல் இரத்தப்போக்கு மாறினால், கருப்பை உட்சுவர் பயொப்ஸி (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) தேவையா என்று மட்டக்களப்பிலோ கல்முனையிலோ விஓஜியிடம் (மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணர்) நேரடியாகக் கேளுங்க. வெட்கப்பட ஒன்றுமில்லை.

எண்டோமெட்ரியோசிஸுக்குத் தரும் ஹோர்மோன் குளிசை டயனோஜெஸ்ட் 2 மி.கி. என்றால் தினம் ஒன்று, இடைவிடாமல். முதல் மாதங்களில் சொட்டுச் சொட்டாக இரத்தம் படலாம். கனபேர் அதைக் கண்டு பயந்து நிறுத்துறதாலயும் குளிசை வேலை செய்யவில்லை என்ற பேச்சு வருது. இது கருத்தடைக் குளிசையும் இல்லை.

"கர்ப்பப்பையை எடுத்தால் சரி" என்று அக்கம்பக்கம் சொல்லும். வெளியே படிந்ததை விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்தால் வலி திரும்பலாம். சூலகத்தையும் எடுத்தால் எலும்பு பலவீனமாகலாம். பிறகு ஹோர்மோன் தரும்போது ஈஸ்ட்ரஜன் தனியாகவா, புரொஜெஸ்டொஜனும் (டயனோஜெஸ்ட் வகை ஹோர்மோன்) சேர்த்தா என்று ஒப்பரேஷனுக்கு முதலே கேட்டு எழுதி வையுங்க.